ஐந்து நாற்பது பஸ்ஸும் நானூற்று ஒன்பது ஜோடியும்

அந்த மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஏணிக் கட்சித் தலைவரான பல் டாக்டரின் கறுப்பு ஷூக்களில் வலது ஷூ, ஏணி அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து தானாக இறங்கி, அரங்கத்தின் முகப்பைக் குறுக்கே கடந்து, எதிரிலிருந்த குடைக் கட்சி அலமாரியின் நான்காம் தட்டில் ஏறி உட்கார்ந்தது. இடது ஷூ வந்து சேர இரண்டு நிமிடம் ஆனது. அதன் லேஸ் அவிழ்ந்திருந்ததால் வழியில் இரண்டு முறை தடுக்கியது. அதே நேரத்தில் உள்ளே பல் டாக்டர் வெறும் காலுறையோடு மேடையில் நின்று, பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசமாக மதியச் சாப்பாடு கொடுத்தால் ஊர் எப்படிக் குட்டிச்சுவராகும் என்று பதினெட்டாவது நிமிடமாக விளக்கிக்கொண்டிருந்தார். செருப்புக்கு டோக்கன் கொடுத்துவிட்டு முகப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த டோக்கன் அக்கா இதை முழுவதும் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தச் செருப்புகளுக்கு அவள் காவல். ஒரு ஜோடி இடம் மாறியதாக ஒரு புகார் கிடையாது. எழுந்துபோய் இரண்டு ஷூக்களையும் தூக்கி ஏணி அலமாரியில் வைத்து, "உன் இடம் இதுதானே, சும்மா கிட" என்று நுனியில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் ஸ்டூலுக்குத் திரும்புவதற்குள் அது மறுபடி இறங்கிவிட்டது. அதன் பின்னாலேயே தபால்காரரின் தேய்ந்த சாண்டல்களும், மருந்துக்கடைக்காரரின் ரப்பர் செருப்பும், இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தியின் குதிகால் செருப்பும் கிளம்பின. பத்து நாற்பதுக்கு முகப்பில் கால் வைக்க இடமில்லை. டோக்கன் அக்கா இரண்டு காலையும் ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு வழிவிட்டாள்.

இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று புரிய வேண்டுமானால் அந்த ஊரில் ஓட்டு எண்ணும் முறையைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய எல்லோரும் மாதம் ஒருமுறை கூடி, ஊர் விவகாரங்களை அவர்களே முடிவு செய்துகொள்வது வழக்கம். பழைய மண்டபத்தின் கூரை இறங்கியபோது, கூட்டத்தை உள்விளையாட்டு அரங்கத்துக்கு மாற்றினார்கள். அங்கே பேட்மிண்டன் கோச்சின் ராஜ்ஜியம். அவருடைய மரத்தரையில் ஒரு கீறல் விழுந்தாலும் ஊர்ச் சபையைத் தெருவில் நடத்திக்கொள்ளட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அவர் விசில் ஊதினால் பிள்ளைகளின் பயிற்சி தொடங்கும். தலைபோகிற விஷயமானாலும் கூட்டம் அத்தோடு முடிந்தது. ஆகவே முகப்பில் செருப்பு வைக்க இரண்டு அலமாரிகள் வந்தன. கொஞ்ச நாளிலேயே இடது பக்கத்து அலமாரி ஏணிக்காரர்களுடையது, வலது பக்கத்து அலமாரி குடைக்காரர்களுடையது என்று ஆகிவிட்டது. அவனவன் தன் முயற்சியில் ஏறி வர வேண்டும் என்பது ஏணிக் கட்சி. எல்லோரையும் ஒரே நிழலில் நனையாமல் வைக்க வேண்டும் என்பது குடைக் கட்சி. இதற்குமேல் அந்தக் கட்சிகளைப் பற்றி விளக்கச் சொன்னால் அந்தந்தக் கட்சிக்காரர்களே திணறுவார்கள்.

ஊர்ச் சபையின் எழுத்தருக்கு முழங்கால் வலி. தூக்கிய கைகளை எண்ண வரிசை வரிசையாக நடப்பது அவருக்கு நரகமாக இருந்தது. ஒருநாள் அவர் ஒன்றைக் கவனித்தார். எந்தத் தீர்மானமானாலும், ஏணி அலமாரியில் எத்தனை ஜோடியோ அத்தனை கைதான் ஏணிப் பக்கம் உயர்கிறது, குடைக்கும் அப்படியே. பிறகு எதற்கு நடக்க வேண்டும்? விதி பதினொன்று அப்படித்தான் பிறந்தது: தீர்மானத்தை வாசித்துப் பேசி முடித்தபின் எழுத்தர் முகப்புக்குப் போய் ஒவ்வொரு அலமாரியிலும் உள்ள ஜோடிகளை எண்ணுவார், அதுவே ஓட்டு. விதி பன்னிரண்டு: எண்ணிக்கை சமமானால் தீர்மானம் கொண்டுவந்த கட்சிக்கு வெற்றி. ஊரே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டது. செருப்பைக் கழற்றும்போதே ஓட்டுப் போட்டாயிற்று, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் தொல்லை ஒழிந்தது. பலர் நிம்மதியாகத் தூங்கினார்கள். கடைசி வரிசையில் ஓர் அம்மா பதினோரு ஸ்வெட்டர் பின்னி முடித்தார். இருபது வருடத்துக்கு மேல் யாரும் இதில் தப்பு கண்டுபிடிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை எழுத்தர் வழக்கம்போல நொண்டிக்கொண்டே வெளியே வந்து எண்ணினார். காலையில் ஏணி இருநூற்றுப் பதிமூன்று, குடை நூற்றுத் தொண்ணூற்று எட்டு. இப்போது ஏணி நூற்று ஐம்பது, குடை இருநூற்று அறுபத்தொன்று. மூன்று முறை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறையும் எண்ணினார். உள்ளே போய் இலவசச் சாப்பாடு நிறைவேறியது என்று அறிவித்ததும் அரங்கமே அமளிதுமளிப்பட்டது. பல் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லோர் பார்வையும் டோக்கன் அக்கா மேல் திரும்பியது. அவள் குடைக் குடும்பத்துப் பெண், குடைக் கட்சித் தலைவரான பேக்கரிக்காரரின் தங்கை. அவளைத் தவிர முகப்பில் வேறு யாரும் இல்லை. அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள், சிரித்தார்கள். அப்போது ஏணிப் பக்கத்திலிருந்து எழுந்தவர் அவள் கணவர்தான். லேத் பட்டறையில் முப்பது வருடம் இரும்பு கடைந்தவர், முப்பத்தொரு வருட ஏணிக்காரர், சட்டையில் ஏணிச் சின்னம் குத்தாமல் வாசற்படி தாண்டாதவர். "என் பெண்டாட்டி குடைக்காரிதான். ஆனா ஒருத்தர் செருப்பைக்கூட மாத்தி வைக்க மாட்டா. அப்படி மாத்தி வைக்கிறவளா இருந்தா முதல்ல என்னோடதைத்தான் மாத்தியிருப்பா" என்றார். இருந்தாலும் விதி பதிமூன்று எழுதப்பட்டது: தீர்மானம் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து எண்ணி முடிக்கும்வரை காவலாளி எந்தச் செருப்பையும் தொடக்கூடாது. கூடவே இரு கட்சியிலிருந்தும் ஒவ்வொரு கண்காணிப்பாளர்.

அடுத்த மாதம் கண்காணிப்பாளர்கள் இருவரும் முதல் தீர்மானத்திலேயே கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஊர் மொத்தமும் காலுறையோடும் வெறுங்காலோடும் முகப்பிலும் ஜன்னல்களிலும் பிதுங்கியது. அடேயப்பா, அது ஒரு காட்சி! பூங்காவை இரவு பூட்ட வேண்டும் என்று வாசித்ததும் நூற்று நாற்பது ஜோடி இடம் மாறியது. காலி வீடுகளுக்கு வரி என்றதும் பாதி திரும்பி நடந்தது, புதிதாக வேறு பாதி கிளம்பியது. முகப்பின் நடுவில் இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று கடக்கும்போது ஷூக்கள் சாண்டல்களுக்கு ஒதுங்கி வழிவிட்டன. பார்த்தவர்கள் பந்தயக் குதிரைகளைப் போல அவரவர் செருப்பைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், திட்டினார்கள், கெஞ்சினார்கள். தீயணைப்பு நிலையத்து அதிகாரியும் அவர் பேசாமல் விட்டுவிட்ட எதிர்க்கட்சித் தம்பியும், தங்கள் இரண்டு ஜோடிகளும் ஏழு தீர்மானத்தில் ஆறுக்கு ஒரே தட்டில் உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் அண்ணன்தான், "டேய், சாப்டியாடா?" என்று கேட்டார். குப்பையைத் தெருவில் போட்டால் கடும் அபராதம் என்ற ஏணித் தீர்மானத்தின்போது, டோக்கன் அக்காவின் சொந்த நீல ரப்பர் செருப்பே குடை அலமாரியிலிருந்து குதித்து ஏணிப் பக்கம் ஓடியது. முகப்பைத் தினமும் பெருக்குகிறவள் அவள், வேறெங்கே போகும்? லேத்காரர் இரண்டு நாள் சிரித்தார். "வாம்மா எங்க கட்சிக்கு" என்று சாப்பிடும்போதெல்லாம் கூப்பிட்டார்.

இதைத் தடுக்க ஊர் செய்யாத தந்திரம் இல்லை. இரண்டு ஷூவின் லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்தார்கள். அவை சாக்கு ஓட்டப் பந்தயத்தில் குதிப்பதுபோல் குதித்துப் போயின. ஒருவர் வெறுங்காலோடு வந்தார். செருப்பில்லாவிட்டால் ஓட்டில்லை என்று எழுத்தர் சொன்னதும் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தார். அண்டை வீட்டுக்காரரின் ஷூவை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். அன்று போட்டுக்கொண்டு வந்தவர் மனதுப்படியே அது நடந்தது. புதுச் செருப்பு மட்டும் முதல் தீர்மானத்துக்குச் சும்மா இருந்து, ஆளைப் பழகிக்கொண்டு, இரண்டாவதிலிருந்து நடந்தது. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து, தரையில் சாய்வு இருக்கிறதா, காந்தம் இருக்கிறதா என்று அளந்தார். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவருடைய செருப்பையே காணோம். தெரு விளக்கு பற்றிய விவாதத்தில் அது குடைப் பக்கம் போயிருந்தது. இத்தனைக்கும் கட்சி மாறியவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் ஆச்சரியம்! ஏழில் ஐந்துக்கு எதிர் அலமாரியில் உட்கார்ந்த ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு, ஏணிக்காரர் ஏணிக்காரராகவே, குடைக்காரரை முறைத்தபடி வீட்டுக்குப் போனார்.

ஒரே ஒரு ஜோடி மட்டும் அசையவே இல்லை. லேத்காரரின் பழுப்புத் தோல் ஷூ, மூன்று முறை அடிப்பாகம் மாற்றியது, ஏணி அலமாரியின் இரண்டாம் தட்டில் ஆணி அடித்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. முதல் மாதம் நான்கு தீர்மானத்துக்கு மற்றவற்றோடு அதுவும் அலைந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. இரண்டாம் மாதம் ஏழு, மூன்றாம் மாதம் ஐந்து, எதற்கும் அது நகரவில்லை. ஏணிக் கட்சி அவருக்கு மாலை போடாத குறை. பல் டாக்டரே கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல உண்மையான ஏணிக்காரர் நீங்க ஒருத்தர்தான்" என்று தழுதழுத்தார். லேத்காரருக்கு உள்ளூரப் பெருமை பொங்கியது. டோக்கன் அக்காவுக்குத்தான் உறுத்தல். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று மாதமாக அவர் நடக்கும்போது ரொம்ப மூச்சு வாங்குகிறது. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். வியாதி முற்றுகிறது என்று அவள் நினைத்து, அவர் காதில் விழாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

இந்த நிலைமையில்தான் ஐந்து நாற்பது பஸ் விவகாரம் வந்தது. காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பி, மலையைச் சுற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் போகும் பஸ் அது. வாரத்தில் மூன்று நாள் லேத்காரர் அதில் போய், ஏழு மணி முறைக்கு ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் நான்கு மணி நேரம் படுத்துவிட்டு வருவார். அடுத்த பஸ் ஒன்பதரைக்கு. அதில் போனால் முறை தவறிவிடும், வேறு முறையும் காலி இல்லை. பஸ்ஸில் நாலைந்து பேருக்குமேல் ஏறுவதில்லை, ஆகவே நிறுத்த வேண்டும் என்று ஏணிக் கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. அன்று மாலை சமையலறையில் அக்கா விஷயத்தை எடுத்தாள்.

"என்னங்க, பஸ்ஸை நிறுத்தறாங்களாம்."

"நியாயம்தானே? நாலு பேருக்காக ஒரு பஸ் ஓட்டணுமா?"

"அந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தருங்க."

"அதனாலதான் சொல்றேன். எனக்குன்னு வரும்போது மட்டும் நான் கை நீட்ட மாட்டேன். முப்பத்தொரு வருஷமா பேசின பேச்சுக்கு என்ன மரியாதை?"

"பேச்சுக்கு மரியாதை கொடுத்துட்டு நீங்க போயிடுவீங்க. நான்?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். அந்த ஆஸ்பத்திரிக்கே போகும் தையல்காரம்மாவும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள், ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்காருவாள், அவளுக்கு என்னைவிட மோசம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு கை கழுவ எழுந்து போய்விட்டார்.

கூட்டத்தன்று காலை ஊர் திரண்டு வந்தது. நானூற்று ஒன்பது ஜோடி, ஏணியில் இருநூற்றுப் பத்து, குடையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. விதி பதிமூன்று வந்த நாளிலிருந்து வம்பு எதற்கென்று எல்லோரும் அவரவர் செருப்பை அவரவரே வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று லேத்காரர் படியேறி வந்ததில் மூச்சு முட்டிக் குனிய முடியாமல் நின்றார். தீர்மானம் வாசிக்க இன்னும் நேரம் இருந்தது. அக்கா அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, லேஸை அவிழ்த்து, ஷூக்களைக் கழற்றிக் கையில் எடுத்தாள். எடுத்த கை அப்படியே தொங்கிப்போனது. இருபத்திரண்டு வருடமாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான செருப்பைத் தூக்கியவள். எந்தத் தோல் எத்தனை கனம் என்று அவள் கைக்குத் தெரியும். ஒரு ஷூ இரண்டு கிலோவுக்குக் குறையாது. உள்ளே விரலை விட்டாள். குதிகால் மெத்தைக்குக் கீழே, லேத்தில் அச்சாகக் கடைந்து, நான்கு ஸ்குரூ போட்டு இறுக்கிய இரும்புத் தகடு. மூன்று மாதமாக மூச்சு வாங்கியதன் ரகசியம் அதுதான். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என்னங்க இது?" என்றாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வை" என்றார். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இப்போதே கழற்றி எறியலாம். தீர்மானம் இன்னும் வாசிக்கவில்லை, விதி குறுக்கே நிற்காது. ஆனால் முப்பத்தொரு வருடப் பிடிவாதத்தை அவள் கழற்றினால் அது அவள் கழற்றியதாகத்தான் இருக்கும், நாளைக்கு வேறு எதையாவது மாட்டிக்கொண்டு வருவார். இரண்டாம் தட்டில் டமாரென்று வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

பதினொன்று இருபதுக்குத் தீர்மானத்தை வாசித்தார்கள். பல் டாக்டர் பஸ்ஸை நிறுத்துவதன் அவசியத்தைப் பேசத் தொடங்கிய இரண்டாவது வாக்கியத்திலேயே அவருடைய கறுப்பு ஷூக்கள் குடைப் பக்கம் போய்விட்டன. இப்போது அவை வழி தெரிந்தவை, தடுக்கவில்லை. அடுத்து அக்காவின் அண்ணனான பேக்கரிக்காரர் பேசினார். நோயாளிகளைப் பற்றி, சொந்தத் தங்கை வீட்டைப் பற்றிப் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணைத் துடைத்த நேரத்தில் அவருடைய மெத்தென்ற வெள்ளைச் சாண்டல்கள் குடை அலமாரியிலிருந்து பூனை மாதிரி இறங்கி, அக்காவின் ஸ்டூலுக்குப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு, ஏணி அலமாரியில் ஏறின. அக்கா பார்த்தாள். அந்த பஸ் போய்ச் சேரும் ஸ்டாண்டுக்கு எதிரே அந்த ஊர் பேக்கரி இருக்கிறது, இவர் வாடிக்கைக்காரர்கள் திரும்பி வரும்போது அங்கே ரொட்டி வாங்கி வருகிறார்கள் என்று அவர் ஒருமுறை புலம்பியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பேசிவிட்டு வெளியே வந்த அண்ணனிடம் அவள் விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். "தங்கச்சி, அது செருப்பும்மா, அதுக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். "எல்லாம் தெரிஞ்சுதான்ணா சுத்தி வந்துச்சு" என்றாள்.

பதினொன்று நாற்பதுக்கு எல்லா ஜோடியும் நின்றன. கண்காணிப்பாளர்கள் வாய்விட்டு எண்ணினார்கள், ஜன்னல்களில் இருந்தவர்கள் கூடவே எண்ணினார்கள். பஸ்ஸை நிறுத்த, ஏணி அலமாரியில் இருநூற்று ஐந்து. ஓட்ட, குடை அலமாரியில் இருநூற்று நான்கு. ஒரே ஒரு ஜோடி வித்தியாசம்! எழுத்தர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் இரண்டாம் தட்டு அதிர்ந்தது. பழுப்பு ஷூ நடுங்கிக்கொண்டிருந்தது. வலது ஷூ அங்குலம் அங்குலமாகத் தட்டின் விளிம்புக்கு வந்து, தலைகீழாகத் தரையில் டொம்மென்று விழுந்தது. இரும்புச் சத்தம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஓடி வந்தார்கள். பின்னாலேயே இடது ஷூவும் விழுந்தது. இரண்டும் புரண்டு நிமிர்ந்து, சிமெண்ட் தரையில் கீறல் போட்டபடி, இழுத்துக்கொண்டு நகரத் தொடங்கின. எதிர் அலமாரிக்குப் பதினோரு அடி. பதினொன்று ஐம்பதுக்கு நான்கு அடி வந்திருந்தன. எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அலமாரியில் இருப்பதைத்தான் எண்ண முடியும், நடுவழியில் நிற்பது கணக்கில் இல்லை என்றார். அப்படியானால் இருநூற்று நான்குக்கு இருநூற்று நான்கு. சமமானால் தீர்மானம் கொண்டுவந்த ஏணிக்கு வெற்றி. பன்னிரண்டு மணிக்குள் அது போய்ச் சேர்ந்தால்தான் பஸ். கோச் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு கடிகாரத்துக்குக் கீழே நின்றார். ஏணி, குடை என்ற பேதமில்லாமல் எல்லோரும், "வா வா, இன்னும் கொஞ்சம், வா" என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள். பல் டாக்டர் தன்னை மறந்து மண்டியிட்டு, கையைத் தட்டித் தட்டி அதைக் கூப்பிட்டார்.

லேத்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காலுறையோடு வந்தார். தன் ஷூ தரையில் இழுபடுவதைப் பார்த்தார். கத்தல் அடங்கிவிட்டது. அக்கா ஸ்டூலில் கைகளை மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் தொடக்கூடாதுங்க. விதி பதிமூணு" என்றாள். அவரை நேராகப் பார்த்து அவளே தொடர்ந்தாள்: "காவலாளிதான் தொடக்கூடாது. செருப்புக்காரர் தொடலாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. தரையில் உட்கார்ந்து, துடித்துக்கொண்டிருந்த வலது ஷூவைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு முதல் ஸ்குரூவைத் திருகினார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையிலிருந்து ஸ்குரூடிரைவர் இரண்டு முறை நழுவியது. அண்ணன் குனிந்து, "மாப்பிள்ளை, நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றார். "மச்சான், நீங்க உங்க செருப்பு எங்க நிக்குதுன்னு போய்ப் பாருங்க" என்றார் லேத்காரர். நான்கு ஸ்குரூ கழன்றதும் தகடு தரையில் உருண்டது. வலது ஷூ போகவில்லை. இடது ஷூவுக்காகப் பக்கத்திலேயே காத்து நின்றது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது ஸ்குரூ மழுங்கிப் போய் வழுக்கியது. பதினொன்று ஐம்பத்தேழு. "நீயே இறுக்கினதுதானே, நீயே கழட்டு" என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, உடம்பு முழு எடையையும் அதன்மேல் வைத்து ஒரு திருகு திருகினார். கழன்றது!

அந்த ஜோடி ஓடிய ஓட்டத்தை இன்றும் ஊரில் நடித்துக் காட்டுகிறார்கள். ஏழு அடியை மூன்றே தாவலில் தாண்டி, காலியாக இருந்த ஐந்தாம் தட்டில் ஏறி, மூக்கை வெளிப்பக்கம் நீட்டி உட்கார்ந்தது. முகப்பே இடிந்து விழுகிற மாதிரி கூச்சல். எழுத்தர் எண்ணினார்: ஏணி இருநூற்று நான்கு, குடை இருநூற்று ஐந்து. ஐந்து நாற்பது பஸ் ஓடும் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு முடிக்கவும் கோச் விசில் ஊதவும் சரியாக இருந்தது. தையல்காரம்மா யாருடைய தோளிலோ சாய்ந்து விம்மினாள். யாரோ ஒருவர் உற்சாகம் தாங்காமல், "அண்ணே, அப்போ இனிமே நீங்க குடையா?" என்று கேட்டுவிட்டார். லேத்காரர் தரையிலிருந்தே நிமிர்ந்து முறைத்தார். "யாரைப் பார்த்து என்ன கேக்கிற? நான் ஏணிக்காரன்யா. பஸ் விஷயம் வேற." பல் டாக்டர் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "நானும்தான்" என்றார்.

டோக்கன் அக்கா அப்போதுதான் ஸ்டூலைவிட்டு எழுந்தாள். ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, "மூணு மாசமா மூச்சு வாங்கறது வியாதியாலன்னு நினைச்சு நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். இரும்பைக் கட்டிட்டா நடந்தீங்க?" என்று கத்தினாள், கத்திக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"பயமா இருந்துச்சு" என்றார் அவர்.

"எதுக்கு?"

"முதல் மாசம் அது எங்கெங்கயோ போயிட்டு வந்துச்சு, நான் ஜன்னல் வழியா பார்த்தேன். நான் யாருன்னு எனக்கே தெரியாம போயிடுமோன்னு."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அலமாரிகளின் மேல் ஏணி, குடை என்று புதுப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்கள். கட்சி மாறியவர் இன்றுவரை யாருமில்லை. காலையில் அவரவர் அலமாரியில் வைக்கிறார்கள், மதியம் எங்கே கிடக்கிறதோ அங்கே தேடி எடுத்துக்கொள்கிறார்கள். செருப்பு நடப்பதை வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் நிற்கிறார்கள். பழுப்பு ஷூ முகப்பில் போட்ட கீறலை அடைக்கலாமா என்று ஒருமுறை தீர்மானம் வந்தது. நானூறு ஜோடியும் ஒரே பக்கம் போய், வேண்டாம் என்று முடிவானது. டோக்கன் அக்கா, தீர்மானம் வாசித்ததும் காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு, டோக்கன்களைத் துடைக்கிறாள். லேத்காரர் வாரம் மூன்று நாள், சட்டையில் ஏணிச் சின்னத்தோடு, ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறுகிறார். நாலு பேருக்காக ஒரு பஸ் ஓட்டுவது அநியாயம் என்று தையல்காரம்மாவிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். அதே பழுப்பு ஷூதான். ஸ்குரூ இருந்த இடத்தில் எட்டு ஓட்டை, மழை பெய்தால் காலுறை நனைந்துவிடுகிறது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று அக்கா சொன்னால், இது பழகினது, இருக்கட்டும் என்கிறார்.